இடப்பக்கக் கதவு

12 ஜூன் 1999, சனி

காலையிலிருந்து காற்று. ஆடி வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இப்படி. கொட்டகைத் தகரம் விடாமல் அடித்துக்கொள்கிறது. வாய் நிறைய மண்.

வண்டியின் இடப்பக்க முன்கதவு போன ஞாயிறு முதல் தொங்குகிறது. இன்னும் சாயாமல் இருக்கக் கொடிக்கயிற்றால் ஜன்னலோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். பல்வலிக்காரன் தாடையில் துண்டு கட்டிய மாதிரி நிற்கிறது.

நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நானே கொஞ்ச நாளில் வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன். போன ஞாயிறு, எப்போதும் போல. சர்ச்சில் பூசை முடிந்து, பேகம்பூர் போய்க் கமாலை ஏற்றிக்கொண்டு, நத்தம் ரோட்டில் புளியமர நிழல் வரை ஓட்டம். டீ. அரசியல். திரும்பினோம். மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் இந்த வண்டியைப் பழசாக வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான். அவன் வீட்டு வாசலில் இறங்கும்போது கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் அதில் போட்டு எழுந்தான். இரண்டு முட்டியும் போய்விட்டது அவனுக்கு. ஆளும் என்னைப் போல இரண்டு பேர். ‘டக்’ என்று ஒரு சத்தம். கதவு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “வாரேன்டா” என்று உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தவர் கையிலிருந்து தம்ளர் விழுந்து உடைந்தால் பார்க்காத மாதிரி இருப்போம் இல்லையா, அப்படி இருந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே போன் செய்து, அடுத்த ஞாயிறு வண்டி வராது, பேட்டரி செத்துப்போச்சு என்றேன். “அப்டியா. சரி சரி. பாத்துச் செய்யி” என்றான். வழக்கமாகக் குறுக்கு விசாரணை செய்கிற ஆள். அதற்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை.

ராத்திரிக்குக் கஞ்சி, நார்த்தங்காய்.

13 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து எட்டரைக்கு வீடு. எட்டரைக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று பாக்கி இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

கறி எடுக்கவில்லை. ஒரு ஆளுக்குக் குழம்பு வைப்பது வீண் வேலை. பத்து மணிக்கு வண்டியிடம் போனேன்.

உள்ளே கால் வைக்கிற இடத்தின் பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்ததில்: கீழ்க் கீல் நன்றாக இருக்கிறது. மேல் கீலும் நன்றாகத்தான் இருக்கிறது. கீலை வண்டியின் கதவுத் தூணுக்குள்ளே தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்தான் போயிருக்கிறது. போல்ட் ஓட்டையிலிருந்து விளிம்பு வரை கீறல். பாதி கிழிந்த போஸ்ட் கார்டு மாதிரி. கதவின் பாரம் முழுவதும் இப்போது கீழ்க் கீலில்.

மத்தியானம் தூங்க முயற்சி. தூக்கம் இல்லை. கமாலுக்குப் போன் செய்யலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். என்ன பேசுவது, பேட்டரியைப் பற்றியா?

14 ஜூன், திங்கள்

பழனி ரோட்டு வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்து காட்டினேன்.

“கேஸ் வச்சு ஒரே இழுப்பு. செத்த நேர வேல சார்.”

தூணின் தகரம் அப்பளம். அதற்குப் பின்னால் வயர் கட்டு, பஞ்சு. கீழ்க் கீல் பக்கம் எனக்கு முந்தி வண்டியை வைத்திருந்த யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வைத்த இடம் இருக்கிறது, சுற்றியிருந்த தகரம்தான் பொரிந்து ஓட்டையாகிவிட்டது. நெருப்பே வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப கதவ மூடி உள்பக்கமா போல்ட் அடிச்சிருங்க. உங்க வண்டியில யாரு வாரா? ஒத்த ஆளுக்கு ஒத்தக் கதவு பத்தாதா?”

நல்ல மனுஷர். குத்திக் காட்டச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறதே என்று சொன்னார். அதனால்தான் ரொம்ப வலித்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

எலி வளையானாலும் தனி வளை என்று கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் ஒரு காலத்தில் நீட்டி முழக்கியிருக்கிறேன். வளைக்குள் எலி என்ன செய்துகொண்டிருக்கும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

15 ஜூன், செவ்வாய்

கமால் போன். மாலை ஆறு மணி இருக்கும்.

“ஏலே அருளு, ஞாயித்துக்கெழம நான் கோயம்புத்தூரு போறேன். மக வீட்டுக்கு.”

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

“நாளைக்கென்ன. அங்கனயே இருந்துக்கிர வேண்டியதுதான். அவ ரொம்ப நாளாக் கூப்புடுறால்ல. சரின்னுட்டேன்.”

மண்ணெண்ணெய் வாங்கப் போகிறேன் என்கிற குரலில் சொன்னான். மருமகன் காய்கறி வாங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வேன் கொண்டு வருவாராம், அதில் போகிறானாம். ஒட்டன்சத்திரம் வரைக்கும் பஸ்ஸாம்.

“பஸ்ஸுல ஏறுவியா நீ? நான் கொண்டுவந்து விடுறேன்.”

“ஒனக்குத்தான் பேட்டரி செத்துப்போச்சே.”

“அது சரியாயிரும்.”

“ஒனக்கு எதுக்குடா செரமம்” என்றான். வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டான். கேட்க நான் யார் என்று ஒரு பக்கம். நான் யாராவது இல்லையா என்று இன்னொரு பக்கம். அவன் பெண்டாட்டி மவுத்தானபோது மூன்று நாள் அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். சாப்பாடு இறங்கவில்லை. பூனைக்கு வைத்துவிட்டேன். என் பூனைகூட இல்லை அது, பக்கத்து வீட்டுப் பூனை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கதவு. அவன் அந்தக் கதவு வழியாக, எப்போதும் போல, என் பக்கத்தில் ஏறி உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேண்டும் எனக்கு.

16 ஜூன், புதன்

கதவைக் கழற்றினேன். இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் தாங்க, ஒருவர் கழற்ற. போன தடவை தாங்கியது கமால். தாங்கிக்கொண்டே ஒரு மணி நேரம் தேர்தலைப் பற்றிப் பேசினான். இன்று தாங்கியவை: முக்காலி, ஜாக்கி, மரப்பலகை, என் தலையணை. யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை.

பக்கத்து வீட்டு லூர்து அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது.

“என்ன சார், கதவுக்குத் தலகாணி வச்சுப் படுக்கப் போட்டிருக்கீங்க? எங்க வீட்டுல ஆளு இருக்காக, கூப்புடவா?”

வேண்டாம் அக்கா என்றேன். கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிடத்தான் வாய் வரவில்லை. அக்கா புளிக்குழம்பு கொடுத்து அனுப்பியது. வெஞ்சனத்துக்கு அப்பளம்.

கதவை எடுத்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கதவு ஓர் அளவுக்கு மேல் திறந்துவிடாமல் பிடித்து நிறுத்த தூணிலிருந்து கதவுக்கு ஒரு வார் உண்டு. அந்த வார் அந்துபோய்க் கதவுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. நுனி கறுத்து, பூஞ்சை பிடித்து. இன்று நேற்று அறுந்தது இல்லை. வார் இல்லாததால் கதவு திறக்கும் போதெல்லாம் அளவுக்கு மேல் மலர்ந்து, பாரம் பிராக்கெட்டைப் பிடித்து முறுக்கியிருக்கிறது. கீறலின் உள்பக்கமும் பழைய துரு. கமால் பிடித்தது கடைசிப் பிடி, அவ்வளவுதான். ஒரு குழந்தை பிடித்திருந்தாலும் என்றைக்காவது போயிருக்கும்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அவன் உடைக்கவில்லை! உடனே போன் பக்கம் போனேன். எண்ணைச் சுற்றும்போதுதான் உறைத்தது. நீ உடைக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், உடைந்துவிட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். பேட்டரிப் பொய்யையும் அவிழ்க்க வேண்டும். வைத்துவிட்டேன்.

17 ஜூன், வியாழன்

வேலை நாள். இன்று காற்றுகூட ஞாபகமில்லை.

வேண்டியவை: கெட்டித் தகடு (மில் ஸ்கிராப்பில் எடுத்து வந்தது பரணில் இருக்கிறது). நல்ல போல்ட், ஸ்பிரிங் வாஷர், ஒவ்வொன்றுக்கும் இரட்டை நட். துருவுக்கு ரெட் ஆக்சைடு. வார்???

கீறல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டேன். ஓட்டை இருந்தால் கீறல் அதற்கு மேல் ஓடாது. பிராக்கெட்டை வைஸ் இடுக்கியில் நெருக்கி நேராக்கி, பரண் தகட்டை அதே வளைவுக்குத் தட்டி, கீறலுக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு தகடு. நடுவே பழைய பிராக்கெட். போல்ட் போட்டு இறுக்கியதும் மூன்றும் ஒன்றாகிவிட்டன. நெருப்பு இல்லை, புகை இல்லை. பெயிண்ட் ஒரு பொட்டு உதிரவில்லை.

என்னை நானே பாராட்டிக்கொண்டேன். சத்தமாகவே. “பரவால்லடா அருளு.” கொட்டகையில் எதிரொலி வந்தது, அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

18 ஜூன், வெள்ளி

கதவை மாட்டினேன். முதல் தடவை அவசரக்குடுக்கை, கதவை மூடிப் பார்க்காமலே எல்லா நட்டையும் இறுக்கிவிட்டேன். கீழே இடித்தது. எல்லாவற்றையும் தளர்த்தி, ஜாக்கியில் பலகை வைத்துக் கதவை இம்மி இம்மியாகத் தூக்கி, சுற்றி இடைவெளி ஒரே அளவாக வரும்வரை விளையாடி, பிறகு இறுக்கம். முதுகு விட்டுப்போனது.

மூடினேன். ஒரே தட்டு. ‘தப்’. இந்த வண்டி வாங்கிய வருஷம் கேட்ட சத்தம்.

கொஞ்சம் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். மறக்கக் கூடாது.

வார் மட்டும் பாக்கி. கடைகளில் கேட்டேன். ரப்பர் தருகிறார்கள், நைலான் தருகிறார்கள். ரப்பர் இழுத்துக்கொடுக்கும். நைலான் வழுக்கும். தோல் வேண்டும், நல்ல கெட்டித் தோல். இந்த ஊரில் தோலுக்கு நான் கேட்கக்கூடிய ஆள் ஒருவன்தான். தோல் மண்டியை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் போகிறான்.

19 ஜூன், சனி

பீரோவில் தேடினேன். கமால் கொடுத்த பெல்ட். நான் மில்லை விட்டு வந்த அன்று, மண்டியிலேயே நல்ல தோலாகப் பார்த்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தது. “சாகுற வரைக்கும் வரும்டா” என்றான். ஞாயிறு பூசைக்கு மட்டும் போடுவேன்.

கத்தியை வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வைத்தேன். அளவாக ஒரு துண்டு. இரண்டு பக்கமும் ஓட்டை, வாஷர், போல்ட். கதவு இப்போது சரியான இடத்தில் நிற்கிறது, அதற்கு மேல் போவதில்லை.

நாளைக்குப் பேன்ட்டுக்குச் சணல்தான். சட்டையை வெளியே விட்டுக்கொள்ளலாம்.

20 ஜூன், ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குப் பேகம்பூர். கமால் வாசலில் நின்றான். ஒரு பெட்டி, தொழுகைப் பாய், ஓர் ஒயர் கூடை. வெள்ளைச் சட்டை. நான் இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறப்பதற்குள், அவன் பின்கதவைத் திறந்து, பெட்டியைத் தள்ளி, தானும் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

“போலாம்டா” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் சொல்லவில்லை! பக்கத்து சீட் காலி. கண்ணாடியில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. காற்று எதிரே. இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி டீக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்தார்.

“டிரைவரண்ணே, அய்யாவுக்குச் சீனி போடலாமா?”

கமால் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினான். “அவரு டிரைவர் இல்லப்பா. மொதலாளி. நாந்தான் சரக்கு.”

சிரித்துவிட்டோம். சிரித்ததில் எனக்கு வாய் திறந்துவிட்டது.

“ஏன்டா முன்னாடி உக்காரல?”

“பின்னாடின்னா காலை நீட்டிக்கிரலாம்ல.”

நீட்டவில்லை. பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டியை மடக்கிக்கொண்டு வலியோடுதான் வந்தான். எனக்குத் தெரியாதா.

போய் இடப்பக்கக் கதவை முழுசாகத் திறந்தேன். வார் பிடித்து நிறுத்தியது. “எறங்கி வந்து பாரு” என்றேன். வந்தான். குனிய முடியாது அவனுக்கு. கையை மட்டும் நீட்டி வாரைத் தொட்டான். மண்டியில் தோல் பார்க்கிற மாதிரியே கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தான்.

“ஏலே. இது நம்ம மண்டித் தோலுல்ல. நான் குடுத்த பெல்ட்டுல்ல இது?” என் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். சணல். “கிறுக்குப் பயலே” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

“அப்ப அன்னைக்குக் கதவு ஒடஞ்சுதான் போச்சு.”

“வார் அந்து வருசக்கணக்காச்சு கமாலு. நாந்தான் பாக்கல. நீ ஒடைக்கல. யாரு புடிச்சிருந்தாலும் ஒடஞ்சிருக்கும்.”

“எனக்குச் சத்தம் கேட்டுச்சு. முட்டிதான் போச்சு, காது போகல. நீ பேட்டரின்ன. சரி, எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்னு விட்டுட்டேன்.”

“கேட்டிருக்கலாம்ல?”

“நீ சொல்லிருக்கலாம்ல?”

டீயில் ஆடை கட்டிவிட்டது. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“நீ பேட்டரின்னு சொன்ன அன்னைக்கு ராத்திரிதான் மகளுக்குப் போன் போட்டேன். வாரேன்னு. அது வரைக்கும் மாட்டேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். இவனுக்கும் பாரமாயிட்டோம், இனிமே இங்க என்ன இருக்குன்னு தோணிருச்சு.”

கேட்டுவிட்டேன். எனக்கு வெட்கமே இல்லை. “இப்பப் போகாம இருந்துட்டா என்னடா?”

“வீட்டுச் சாவியக் குடுத்தாச்சு அருளு. அங்க எனக்குன்னு ரூம்புக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கா. எங்க நன்னா வாராக, தாத்தா வாராகன்னு பேரன் ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டானாம்.”

உடைந்த தம்ளரைப் பார்க்காத விருந்தாளி மரியாதை, இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் காப்பாற்றினோம். அது அவனை ஊரைக் காலி பண்ண வைத்துவிட்டது.

கதவின் மேல் விளிம்பைப் பிடித்தான். என்னைப் பார்த்தான். “புடி” என்றேன். முழுப் பாரத்தையும் போட்டு, முன்சீட்டில் உட்கார்ந்தான். கதவு முனகக்கூட இல்லை. அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் வாய் ஓயாமல் பேசினான். தேர்தல், சர்க்கரை வியாதி, மாம்பழம் இந்த வருஷம் ருசியில்லை. நான் மெதுவாகவே ஓட்டினேன்.

மார்க்கெட் வாசலில் மருமகன் வேனோடு நின்றார். ஓடி வந்தார். “பாத்துங்க மாமா. ஏனுங்க சார், கதவு தாங்குமுங்களா?”

“அதெல்லாம் தாங்கும் மாப்ள. இருங்க, நானா எறங்குறேன்” என்றான் கமால். இறங்கினான். தாங்கியது. வேன் படி உயரம். அதில் மட்டும் மருமகன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து என் பக்கம் கையைத் தூக்கினான். என்ன சொன்னான் என்று எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து. சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டேன்.

24 ஜூன், வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து போன். நன்றாக இருக்கிறானாம். தண்ணீர் ருசியாம். பேரன் விடுவதில்லையாம்.

“எல்லாம் சவுரியந்தான்டா. மாப்ள புதுக் கார் வச்சிருக்காரு. கதவப் புடிச்சு எறங்குனா மட்டும் ‘பாத்துங்க மாமா’ங்குறாரு. ஒவ்வொரு தடவையும்.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பின்னால் டிவி சத்தம். “சரி, வைக்கட்டா” என்றான்.

27 ஜூன், ஞாயிறு

காற்றே இல்லை, அதிசயம். பூசைக்கு நடந்து போனேன். பேன்ட் வேண்டாம், வேட்டி. எட்டரைக்கு வீடு.

நட்டுகளை முறுக்கிப் பார்க்கிற வேலை பாக்கி இருந்தது. பலகையைக் கழற்றி ஸ்பேனர் வைத்தேன். ஒன்றுகூடத் தளரவில்லை. போன ஞாயிறுக்குப் பிறகு அந்தக் கதவை யார் திறந்தார்கள், தளர்வதற்கு.

ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் பலகையை மூடக் கூடாது. இடப்பக்க சீட்டில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனின் சீட் ரொம்பக் கிட்டே இருக்கிறது. கதவைத் திறந்தேன். வார் பிடித்தது. மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, அவனைப் போலவே மொத்த உடம்பையும் போட்டு எழுந்தேன்.

அசையவில்லை. இன்னொரு தடவை, காலைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கிக்கூடப் பார்த்தேன். என் எடை அதற்குப் போதவில்லை.